சீட்டைக் கீழே வைக்கத் தெரிந்தவர்

ஈப்போ நகரிலிருந்து தெற்கே கோப்பேங்கை நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக எழுந்து நிற்க, கேமரன் மலைக்கு ஏறும் பாதை கிழக்கே பிரிகின்ற சந்தியில் அமைந்திருக்கிறது சிம்பாங் பூலாய். இவ்வூரைத் தன்னுள் கொண்ட கிந்தா பள்ளத்தாக்கு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகின் வெள்ளீயத் தேவையில் பெரும் பங்கை நிறைவேற்றிய பூமி என்பதைப் பலரும் அறிவர்; அந்த ஈயத்தைத் தோண்டிய கூலிக்காரனின் சம்பளம் எந்த வழியாகத் திரும்பிச் சென்றது என்பதையோ சிலரே எண்ணிப் பார்க்கிறார்கள். அபினி விற்கும் உரிமை, சாராயம் விற்கும் உரிமை, சூதாட்டக் கூடம் நடத்தும் உரிமை ஆகிய மூன்றையும் அக்காலத்து அரசாங்கம் செல்வந்தர்களுக்குக் குத்தகைக்கு விட்டு வருமானம் தேடிற்று. 1879ஆம் ஆண்டில் பக்கத்து ஊரான கோப்பேங்கில் சிறியதொரு மருந்துக்கடை தொடங்கி, பின்னாளில் யூ யான் சாங் என்னும் பெரும் நிறுவனத்துக்கு வித்திட்ட யூ கோங் என்பவரும் அத்தகைய குத்தகைகளை எடுத்தவரே. பகலில் சுரங்கத்தில் கொடுத்த கூலியை இரவில் ஆட்டப் பலகையின் வழியாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் இந்த ஏற்பாடு, சூதாட்டக் குத்தகை 1912ஆம் ஆண்டின் இறுதியில் ஒழிக்கப்படும்வரை கூட்டு மலாய் மாநிலங்களில் சட்டபூர்வமாகவே நடந்து வந்தது.

ஈயச் சுரங்கத்துக்கு அடுத்து வந்த ரப்பர்த் தோட்டங்களில் நம்மவர்கள் குடியேறியபோது, சீட்டுக்கட்டும் லயத்து வீடுகளுக்குள் இயல்பாகவே குடிபுகுந்தது. சம்பள நாளின் மாலையிலும், தீபாவளி இரவிலும், சாவு வீட்டில் விடியும்வரை கண்விழிக்க வேண்டிய வேளையிலும் ரம்மியும் இருபத்தொன்றும் ஆடாத தோட்டம் அரிது. யாழ்ப்பாணத்துத் தமிழரின் விருப்ப ஆட்டமான முந்நூற்றுநான்கு இவற்றைவிட நுட்பமானது. அதில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என மதிப்பு வைத்து, ஓர் இனத்துக்கு 76 ஆக, நான்கு இனங்களுக்கும் சேர்த்து 304 புள்ளிகள் எண்ணப்படுகின்றன. எந்தச் சீட்டு போயிற்று, எது எஞ்சியிருக்கிறது என்பதை மனத்திலேயே கணக்கு வைத்துக்கொண்டு அதை ஆடத் தெரிந்த ஒரு சமூகத்துக்குக் கணித புத்தி இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. அந்தப் புத்தியை நாம் பணம் வைக்கும் இடத்தில் உபயோகிக்காமல் போனதே என் துக்கம்.

நாலு நம்பர் லாட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். புதன், சனி, ஞாயிறு ஆகிய நாட்களில் குலுக்கல் நடக்கிறது. கனவில் கண்ட பாம்புக்கும், சாலையில் கவிழ்ந்த காரின் பலகைக்கும் எண் தேடிப் பிடித்து வரிசையில் நிற்பவர்களுள் நம்மவர் குறைவில்லை. ‘பெரிசு’ என்னும் முறையில் ஒரு வெள்ளி கட்டினால், முதற் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாம் பரிசு 1,000, மூன்றாம் பரிசு 500, சிறப்புப் பரிசு பத்து எண்களுக்குத் தலா 180, ஆறுதல் பரிசு பத்து எண்களுக்குத் தலா 60. மொத்தம் உள்ள 10,000 எண்களுக்கும் ஒவ்வொரு வெள்ளி கட்டிய ஒருவன் 10,000 வெள்ளியைக் கொடுத்து 6,400 வெள்ளியைத் திரும்பப் பெறுவான். அதாவது, கட்டும் ஒவ்வொரு வெள்ளியிலும் 36 காசு, கட்டிய அந்தக் கணத்திலேயே போய்விட்டது. எவ்வளவு பக்தியும் எவ்வளவு பழகிய கண்ணும் அதை மீட்க முடியாது, ஏனெனில் அங்கே ஆடுபவனுடைய அறிவு புகுவதற்கு ஒரு துவாரங்கூடக் கிடையாது.

இதற்கு எதிரான ஸ்வபாவம் உடைய ஓர் ஆட்டத்தை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன். லிமிட் ஹோல்டெம் என்னும் போக்கர் வகை அது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தோன்றி, 1967ஆம் ஆண்டளவில் லாஸ் வேகாஸ் நகரத்துக்குச் சென்று, 1987க்குப் பின் கலிபோர்னியாவின் சீட்டுக்கூடங்களிலும் அனுமதி பெற்று, உலகெங்கும் பரவிற்று. அங்கே ஆடுகிறவர்கள் ஒருவரோடொருவர் ஆடுகிறார்கள். கூடத்தின் சொந்தக்காரர் இடத்துக்கும் சேவைக்கும் ஒரு பிடித்தம் எடுத்துக்கொள்வதோடு சரி. ஆகையால் ஒருவர் செய்யும் பிழையின் பலன் எதிரே இருப்பவருக்குப் போய்ச் சேருகிறது. சிறிய தொகைக்கு ஆடும் மேசைகளில், எந்தச் சீட்டு வந்தாலும் கடைசிவரை பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலோடு பலர் அமர்ந்திருப்பார்கள். அத்தகைய தளர்ந்த மேசையில் புதிதாகக் கற்றவர் ஒருவர்கூட, ஒழுங்கும் பொறுமையும் இருந்தால், நாளடைவில் முன்னிலையில் நிற்க முடியும் என்பது பல்லாண்டுகளாக ஆராய்ந்து எழுதியவர்களின் முடிவு. இத்துறையில் டேவிட் ஸ்கிலான்ஸ்கி 1987ல் வெளியிட்ட ‘தி தியரி ஆஃப் போக்கர்’, லீ ஜோன்ஸ் 1994ல் சிறு மேசைகளுக்கென்றே எழுதிய ‘வின்னிங் லோ லிமிட் ஹோல்டெம்’ ஆகிய நூல்கள் முக்கியமானவை.

ஆட்டத்தின் விதிகள் எளியவை. 52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகப் போடப்படுகின்றன. பங்கிடும் இடத்துக்கு அடுத்து அமர்ந்த இருவர், சீட்டைப் பார்க்கும் முன்பே ஒரு சிறு தொகையை நடுவில் வைத்துவிட வேண்டும். முதற் சுற்றுப் பந்தயம் முடிந்ததும் நடுவே மூன்று சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். இதற்கு ஃப்ளாப் என்று பெயர். இன்னொரு சுற்றுப் பந்தயம், பின் டர்ன் எனப்படும் நான்காம் சீட்டு, மீண்டும் பந்தயம், பின் ரிவர் எனப்படும் ஐந்தாம் சீட்டு, கடைசிப் பந்தயம். தம் இரண்டு சீட்டுகளையும் பொதுச் சீட்டுகள் ஐந்தையும் சேர்த்து, அந்த ஏழில் மிகச் சிறந்த ஐந்தைக் காட்டுபவருக்கு நடுவில் குவிந்த தொகை முழுவதும் சேரும். ஜோடி, இரண்டு ஜோடி, ஒரே எண்ணில் மூன்று, அடுத்தடுத்த ஐந்து எண்கள், ஒரே இனத்தில் ஐந்து சீட்டுகள், மூன்றும் இரண்டுமாகச் சேர்ந்த கை, ஒரே எண்ணில் நான்கு, ஒரே இனத்தில் வரிசையாக ஐந்து என்று கையின் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். ‘லிமிட்’ என்ற அடைமொழி பந்தயத்தின் அளவைக் குறிக்கிறது. 2-4 மேசை என்றால் முதல் இரண்டு சுற்றுகளில் பந்தயமும் ஏற்றமும் 2 வெள்ளியாகவும், பின்னிரண்டு சுற்றுகளில் 4 வெள்ளியாகவும் நிலைத்திருக்கும். ஒரு சுற்றில் எத்தனை முறை ஏற்றலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. திரைப்படங்களில் காண்பதுபோல, கையிலிருக்கும் பணம் அனைத்தையும் ஒரே மூச்சில் நடுவே தள்ளி எதிரியைக் கலங்கடிப்பதற்கு இவ்வாட்டத்தில் இடமே இல்லை.

இரண்டு சீட்டுகள் சேரும் விதங்கள் 1,326. இனங்களை மாற்றிப் பார்ப்பதால் வேறுபடாதவற்றை ஒன்றாக எண்ணினால் 169 வகைகள். இவற்றுள் பணம் கட்டத் தகுந்தவை மிகச் சொற்பம். கிந்தா ஆற்றங்கரைகளில் மரத்தட்டில் மணலை அள்ளி நீரில் அலசி ஈயம் சேர்த்த டூலாங் பெண்கள், அள்ளியதில் பெரும்பகுதியை ஆற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, அடியில் தங்கும் கருமணிகளுக்காக மட்டுமே நாள் முழுதும் குனிந்து நின்றார்களே, அந்தத் தொழிலின் நிதானம் இம்மேசையிலும் வேண்டும். ஐந்து அல்லது ஆறு கைகளில் ஒன்றை மாத்திரம் ஆடி, மற்றவற்றை ஒரு காசும் போடாமல் கீழே வைத்துவிடுவதே தொடக்கக்காரருக்கு நான் கூறும் முதல் உபதேசம். பெரிய ஜோடிகளும், ஏசும் ராஜாவும் போன்ற உயர்ந்த இணைகளும் எங்கும் நல்லவையே. பலர் சேர்ந்து ஆடும் தளர்ந்த மேசையில், ஒரே இனத்தைச் சேர்ந்த உயர்ந்த சீட்டுகளும், சிறிய ஜோடிகளுங்கூட மதிப்புப் பெறுகின்றன. ஏனெனில், சிறிய ஜோடி ஃப்ளாப்பில் மூன்றாக மாறுவது ஏறக்குறைய எட்டரை முறைக்கு ஒரு தடவைதான் என்றாலும், மாறிய அன்று பணம் கொடுப்பதற்கு நான்கைந்து பேர் காத்திருப்பார்கள்.

இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். இரண்டும் ஆட்டின், இரண்டும் இஸ்பேட் என்று இனம் ஒத்திருப்பதைக் கண்டதும், எண் எதுவாயினும் ஆடலாம் என்று நினைப்பார்கள். அவ்விரு சீட்டுகளும் கடைசியில் ஐந்து சீட்டு இனமாக முடிவது 100க்கு 6 அல்லது 7 தடவையே. அந்த ஆறுக்காக மற்றத் தொண்ணூற்றுச் சொச்சம் முறையும் பணம் கட்டுவது, எதிரே இருப்பவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பதாகும்.

சீட்டைத் தேர்ந்தெடுத்த பின்பு ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நடுவில் இருக்கும் தொகைக்கும் நான் இப்போது கொடுக்க வேண்டிய தொகைக்கும் உள்ள விகிதம் என்ன, எனக்கு வேண்டிய சீட்டு வருவதற்கும் வராமற்போவதற்கும் உள்ள விகிதம் என்ன? ஒரு திருஷ்டாந்தத்தை முழுவதுமாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2-4 மேசையில் ஆறு பேர் தலா 2 வெள்ளி கட்டி ஃப்ளாப்பைப் பார்க்கிறார்கள். நடுவில் 12 வெள்ளி. உங்கள் கையில் ஏசும் ஒன்பதும், இரண்டும் ஆட்டின். நடுவில் திறந்த மூன்றில் இரண்டு ஆட்டின். ஒருவர் 2 வெள்ளி பந்தயம் வைக்க, மூவர் அதற்கு ஈடு கட்டுகிறார்கள், ஒருவர் விலகிவிடுகிறார். இப்போது நடுவில் 20 வெள்ளி. நீங்கள் கொடுக்க வேண்டியது 2. கொடுப்பதைப்போல் பத்து மடங்கு காத்திருக்கிறது. உங்கள் கண்ணுக்குத் தெரியாத சீட்டுகள் 47. அவற்றில் ஆட்டின் ஒன்பது. வராமற்போகும் 38க்கு வரும் 9 என்றால், ஏறத்தாழ நான்கேகாலுக்கு ஒன்று. பத்து மடங்கு கிடைக்கும் இடத்தில் நான்கேகால் மடங்கு அபாயம் ஏற்பது நியாயமான வியாபாரம், தயங்காமல் கட்டலாம். கடைசி இரண்டு சீட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் 100க்கு 35 முறை உங்கள் இனம் நிறைவேறும்.

அதே மேசையில் உங்கள் பக்கத்திலிருப்பவருக்கு நடுவே ஒற்றைச் சீட்டு விடுபட்ட வரிசை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது இருக்க, ஏழுக்காக அவர் ஏங்குகிறார். அவருக்கு உதவக்கூடியவை நான்கு ஏழுகளே. 43க்கு 4, அதாவது பத்தேமுக்காலுக்கு ஒன்று. ஃப்ளாப்பில் பத்து மடங்கு கிடைக்கும்போது, பின்னால் வரப்போகும் பெரிய பந்தயங்களையும் உத்தேசித்து அவர் ஒருமுறை கட்டியதை மன்னித்துவிடலாம். நீங்களும் கட்டியதால் 22 வெள்ளியான தொகையோடு டர்ன் திறக்கிறது. வேண்டிய சீட்டு வரவில்லை. ஒருவர் 4 வெள்ளி வைக்க, இன்னும் இருவர் தொடர்கிறார்கள், நடுவில் 34. இனிக் கட்டுபவருக்குக் கிடைப்பது எட்டரை மடங்கு. ஆட்டினுக்காகக் காத்திருப்பவருக்கு 37க்கு 9, நான்குக்குச் சற்று அதிகம்; அவருக்கு இன்னும் லாபமே. ஏழுக்காகக் காத்திருப்பவருக்கு 42க்கு 4, பத்தரை, அவருக்கு நஷ்டம். அவர் கட்டுவதால் வரும் நஷ்டம் ஒருமுறையில் சில காசுகள்தான். ஆனால் அதே பிழையை ஓர் இரவில் முப்பது முறை, ஓராண்டில் பல இரவுகள் செய்கிறவருடைய சில்லறை, கணக்குத் தெரிந்தவர் பையில் மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டே வருகிறது. தளர்ந்த மேசையில் வெல்வது என்பதன் ரகசியம் முழுவதும் இவ்வளவே.

இக்கணக்கு இன்னொரு பக்கமும் வெட்டும் என்பதை மறந்துவிடலாகாது. ரிவரும் திறந்தாயிற்று, நடுவில் 38 வெள்ளி, உங்களிடம் நடுத்தரமான ஒரு ஜோடி, எதிரி 4 வெள்ளி வைக்கிறார். 42 வெள்ளியைப் பெற 4 வெள்ளி கொடுக்க வேண்டும். பதினொரு முறை இவ்வாறு கட்டி, பத்து முறை தோற்று, ஒரே ஒரு முறை வென்றாலும் 40 கொடுத்து 42 பெறுகிறீர்கள். ஆகவே, தோற்றுவிட்டோம் என்று ஏறத்தாழ நிச்சயமாகத் தோன்றும்போதுகூட, பெரிதாக வளர்ந்துவிட்ட தொகையைக் கடைசி ஒரு பந்தயத்துக்காக விட்டுக்கொடுப்பது பெரும் பிழையாகிறது. தொடக்கத்தில் கஞ்சனாக இருந்து, தொகை வளர்ந்தபின் தாராளமாக இருப்பது லிமிட் ஆட்டத்தின் தர்மம். தளர்ந்த மேசைக்காரர்கள் தொடக்கத்தில் தாராளமாக இருந்து கையிருப்பைக் கரைத்துக்கொள்கிறார்கள்.

பொய்யாக ஏற்றி எதிரியை விரட்டும் உபாயத்தைப் பற்றிப் பலரும் வியந்து பேசக் கேட்டிருக்கிறேன். போக்கர் என்றாலே அதுதான் என்று நினைப்பவர்களும் உண்டு. சிறிய மேசையில் அது வீண் செலவு. எதிரே மூவர் இருக்க, ஒவ்வொருவரும் விலகுவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொண்டாலும், மூவரும் ஒருசேர விலகுவது எட்டில் ஒருமுறைதான்; எதையும் பார்த்துவிடவே வந்திருக்கிறவர்கள் பாதி முறைகூட விலக மாட்டார்கள். அந்தச் சாமர்த்தியத்தை நல்ல கை வந்தபோது ஏற்றுவதில் காட்டுவதே மேல். எதிரே நால்வர் இருக்க, ஐந்தில் ஒன்றுக்கும் அதிகமாக நீங்கள் வெல்லக்கூடிய நிலையில், ஒவ்வொரு சுற்றிலும் நடுவே சேரும் ஒவ்வொரு வெள்ளியிலும் உங்களுக்கு ஒரு பகுதி லாபம் இருக்கிறது. புதியவர்கள் நல்ல ஜோடி கிடைத்தும், யாராவது தோற்கடித்துவிடுவார்களோ என்ற அச்சத்தால் ஏற்றாமல் இருந்துவிடுகிறார்கள். தோற்கும்போது பெரிதாகத் தோற்று, வெல்லும்போது சிறிதாக வெல்லும் இந்தப் பழக்கத்தைப் போக்கிக்கொள்வது, கெட்ட சீட்டைக் கீழே வைக்கக் கற்பதைவிடக் கடினமென்று எனக்குத் தோன்றுகிறது. எல்லோரும் ஆடியபின் ஆடும் கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும்போது கொஞ்சம் அதிகமான கைகளை ஆடலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்; பிறர் செய்ததைப் பார்த்தபின் தீர்மானிப்பவருக்கு அனுகூலம் அதிகம்.

இனி மனத்தைப் பற்றி. இரண்டு ஏஸ்கள் ஒருவருக்கு 221 கைகளுக்கு ஒருமுறை வரும். அதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. ஆனால் பத்துப் பேர் மேசையில் மற்ற ஒன்பது பேரும் எதுவாயினும் சரி என்று கடைசிவரை நின்றுவிட்டால், அந்த ஏஸ் ஜோடி 100க்கு 31 முறைதான் வெல்லும். 69 முறை, ஏதோ ஒரு மூன்றும் எட்டும் வைத்திருந்தவர் தொகையை வாரிக்கொண்டு போவார். அறிவுள்ளவரும் அந்நேரத்தில் கொதித்துப்போய், இவர்களிடம் ஆடிப் பிரயோஜனமில்லை என்று மேசையை வைது, அடுத்த அரைமணி நேரம் அவர்களைப் போலவே ஆடித் தோற்பதை இயல்பாகக் காணலாம். தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கட்டி, பத்தில் மூன்று முறைக்கு மேல் வெல்வது மும்மடங்கு வரவு என்ற எண்ணம் அந்த வேளையில் மனத்தில் நிற்பதற்குப் பயிற்சி வேண்டும்.

நம் இதிகாசத்தில் இதைப் பற்றிய ஆச்சரியமான ஒரு பகுதி உண்டு. புட்கரனிடம் சூதாடி நாட்டை இழந்த நளன், வாகுகன் என்ற பெயரோடு இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக இருந்தபோது, வழியில் நின்ற தான்றி மரமொன்றின் இலைகளையும் காய்களையும் அவ்வரசன் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி, எண்ணிச் சரிபார்க்கிறான். தனக்குத் தெரிந்த அசுவ சாஸ்திரத்தைக் கொடுத்து, அவனிடமிருந்து அட்ச இருதயம் என்னும் வித்தையைப் பெறுகிறான். தான்றிக்காய்களே பண்டை நாளில் சூதாடு காய்களாகப் பயன்பட்டவை. எண்ணிக்கைத் திறமையும் சூதின் நுட்பமும் ஒரே வித்தை என்று மகாபாரதத்தை எழுதியவர் கண்டிருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்த வித்தை உள்ளே புகுந்த கணத்தில்தான் கலி நளனை விட்டு வெளியேறினான் என்று கதை சொல்கிறது. கலியின் ஆவேசம் நீங்காதவனுக்குக் கணக்கும் உதவாது என்றே நான் அதைப் பொருள் கொள்கிறேன். திருக்குறள் 94ஆம் அதிகாரம் முழுவதையும் சூதின் கேட்டுக்கு ஒதுக்கியிருப்பதும் அந்த ஆவேசத்தைக் குறித்ததே.

மேசையில் அமர்வதற்கு முன் அறிய வேண்டியவற்றுள் மிக முக்கியமானதும், நூல்களில் பலர் வாசிக்காமல் புரட்டிவிடுவதும் பிடித்தம் பற்றிய பகுதி. ரேக் என்று இதைச் சொல்வார்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் சராசரியாக 3 வெள்ளி பிடிக்கப்படுகிறது, மணிக்கு 30 ஆட்டங்கள் நடக்கின்றன, மேசையில் பத்துப் பேர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணிக்கு 90 வெள்ளி மேசையை விட்டுப் போகிறது. ஆளுக்கு 9 வெள்ளி. 2-4 மேசையில் பெரிய பந்தயம் 4 வெள்ளி. ஆகவே இது இரண்டேகால் பெரிய பந்தயம். நல்ல ஆட்டக்காரர் ஒருவர் பிடித்தம் போக மணிக்கு ஒரு பெரிய பந்தயம் சம்பாதிப்பதே மெச்சத்தக்கது என்று பழம் ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். அந்த ஒன்றைச் சம்பாதிக்க அவர் தம் எதிரிகளைவிட மூன்றேகால் பெரிய பந்தய அளவுக்கு மேம்பட்டிருக்க வேண்டும்! மேசை எவ்வளவு சிறியதோ, பிடித்தத்தின் பாரம் அவ்வளவு அதிகம். எதிரிகள் எத்தனை பிழை செய்தாலும் பிடித்தம் அதை விழுங்கிவிடும் மேசைகள் உண்டு. அவற்றைவிட்டு எழுந்து போவதற்குச் சீட்டறிவு ஒன்றும் தேவையில்லை, பெருக்கல் தெரிந்தால் போதும்.

அதிர்ஷ்டத்தின் ஏற்றத்தாழ்வையும் இதே வகையில் எண்ணிப் பார்க்க வேண்டும். மணிக்கு ஒரு பெரிய பந்தயம் சம்பாதிக்கும் திறமையுள்ளவருக்கும், ஒரு மணி நேரத்தில் ஏறி இறங்கும் அளவு பத்துப் பெரிய பந்தயம் என்று கொள்வது வழக்கம். 100 மணி நேரம் ஆடியபின் அவர் 100 பெரிய பந்தயம் லாபத்தில் இருக்க வேண்டும். ஆனால் அவரைப் போன்ற ஆறு பேரில் ஒருவர் அப்போதும் நஷ்டத்திலேயே இருப்பார். அவர் பிழையாக ஆடவில்லை; 100 மணி நேரம் போதவில்லை. அதனால்தான் 300 பெரிய பந்தயங்களுக்கு ஈடான தொகையை, 2-4 மேசைக்கு 1,200 வெள்ளியை, தனியே ஒதுக்கி வைக்காமல் ஆட வேண்டாமென்று அனுபவசாலிகள் எச்சரிக்கிறார்கள். ஒரே இரவில் வென்றவரைக் கண்டு திறமைசாலி என்றும், ஒரே இரவில் தோற்றவரைக் கண்டு மூடர் என்றும் தீர்ப்பளிக்கும் நம் வழக்கம் எவ்வளவு பிழையானது என்பதும் இதிலிருந்து விளங்கும்.

இருவர் மட்டும் ஆடும் லிமிட் ஹோல்டெமைக் கணிப்பொறி ஏறக்குறைய முழுமையாகவே வென்றுவிட்டது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பவுலிங்கும் அவரது குழுவினரும் 2015ல் வெளியிட்ட செஃபியஸ் என்னும் நிரல், 4,800 கணிப்பொறிச் செயலிகள் 68 நாட்கள் இடைவிடாது உழைத்ததன் பயனாக உருவாயிற்று. ஒரு மனிதன் ஆயுள் முழுவதும் அதனோடு ஆடினாலும் அதை மிஞ்சிவிட்டான் என்று நிரூபிக்க முடியாத அளவுக்கு அது நெருங்கியிருக்கிறது. பத்துப் பேர் மேசை அவ்வாறு இன்னும் தீர்க்கப்படவில்லை.

திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வி தமிழ்நாட்டில் நீதிமன்றம் ஏறிய கதையையும் வாசகர்கள் அறிய வேண்டும். ரம்மி பெரும்பாலும் திறமையின்பாற்பட்டது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1968ல் கூறிற்று; குதிரைப் பந்தயத்தைப் பற்றிக் கே. ஆர். லட்சுமணன் வழக்கில் 1996ல் அவ்வாறே கூறிற்று. பின்னர் இணையவழி ஆட்டங்கள் பெருகி, கடன்பட்ட இளைஞர்கள் உயிரை மாய்த்துக்கொள்ளும் செய்திகள் நாள்தோறும் வரலாயின. நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப்பின் தமிழ்நாடு அரசு 2022ல் தடைச் சட்டம் இயற்றிற்று. சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில், அதிர்ஷ்ட ஆட்டங்களின்மேல் விதித்த தடையை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் அப்பட்டியலில் சேர்த்ததை மட்டும் செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாடே இன்றி, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுத்துவிட்டது. அந்த இளைஞர்களின் தாய்மாரை நினைக்கும்போது அத்தடையைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. திறமைக்கு இடமுண்டு என்பது உண்மை. திறமையற்ற பெரும்பான்மையோரின் பணமே அத்திறமைக்குக் கூலியாகிறது என்பதும் அதே அளவு உண்மை.

நம் மலேசியாவில் நிலைமை வேறு. 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டப்படி, உரிமம் இல்லாத கூடத்தில் பணம் வைத்து ஆடுவது அபராதத்துக்கும் சிறைக்கும் உரிய குற்றம். லிம் கோ தோங் 1971ல் முதல் விடுதியைத் திறந்த கெந்திங் மலையில் உள்ள சூதாட்ட மாளிகைக்கே உரிமம் உண்டு. அங்கும் முஸ்லிம்களுக்கும் 21 வயது நிறையாதவர்களுக்கும் அனுமதி கிடையாது. கடைவீதியின் மாடியறைகளிலோ, கைப்பேசியில் வந்து அழைக்கும் வெளிநாட்டு இணையக் கூடங்களிலோ போய் இக்கட்டுரையின் கணக்கைப் பரீட்சை செய்ய ஒருவரும் முனைய வேண்டாம். சட்டம் ஒருபுறமிருக்க, அங்கே சீட்டு நேர்மையாகக் கலைக்கப்படுகிறது என்பதற்கும், வென்ற பணம் கைக்கு வரும் என்பதற்கும் எவ்விதப் பொறுப்பும் இல்லை.

கற்க விரும்புகிறவர்கள் வீட்டிலேயே, நண்பர் ஆறேழு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஆளுக்கு நூறு புளியங்கொட்டை வைத்து ஆடிப் பாருங்கள். ஒவ்வொரு கையிலும் நடுவில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு கட்டினீர்கள், எத்தனை சீட்டுகள் உங்களுக்கு உதவியிருக்கும் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். வென்றீர்களா, தோற்றீர்களா என்பதை எழுதுவது அவ்வளவு அவசியமில்லை. தமிழ்ப்பள்ளியில் பின்னம் படிக்கும் பிள்ளை பக்கத்தில் இருந்தால் அதனிடமே விகிதத்தைக் கேளுங்கள். 38க்கு 9 என்பதை அது விரைவில் பிடித்துக்கொள்ளும். பின்னொரு நாள் உரிமமுள்ள இடத்தில் அமரும் சந்தர்ப்பம் வாய்க்குமானால், முதலில் பிடித்தம் எவ்வளவு என்று விசாரியுங்கள். அதைக் கட்டி மீளக்கூடிய மேசையா என்று கணக்கிடுங்கள். ஒதுக்கிவைத்த தொகை முழுவதும் போனாலும் வீட்டின் அரிசிக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் ஒரு காசு குறையாது என்ற நிலை இல்லையெனில், அந்த நாற்காலியில் உட்காரவே உட்காராதீர்கள்.